டோன் தேடுபவர்

கிட்டார் வைத்திருப்பவர்களில் இரண்டு இனம் உண்டு. ஒருவர் வாசிப்பவர்; மற்றவர் டோன் தேடுபவர். இரண்டாம் இனத்தவருக்குக் கிட்டார் என்பது ஆம்ப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உதவும் சோதனைக் கருவி. புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தெருக்களில் இவர்கள் சிலரே என்றாலும் கண்டுபிடிப்பது எளிது. மாடி அறையிலிருந்து சாயங்காலம் முழுக்க ஒரே ஈ மைனர் கார்டு கேட்கும். நடுநடுவே அமைதி. அந்த அமைதியில் ஒரு குமிழ் திருகப்படுகிறது.

சம்பளம் வரத் தொடங்கும்வரை இந்த நோய் அண்டுவதில்லை. கல்லூரி நாட்களில் மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் சொருகித் தெருவையே அலறவிட்டபோது இவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முதல் சம்பளத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் வந்தது. கூடவே, உண்மையான டோன் வால்வு ஆம்பில்தான் இருக்கிறது என்ற செய்தியும் வந்தது.

செய்தி பொய்யல்ல. வால்வை அதன் தாங்குதிறனுக்கு மேல் விரட்டினால், ஒலியலையின் உச்சி சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல மழுங்கும். அந்தச் சிதைவு காதுக்கு இனிக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர், பேஸ் கிட்டாருக்காகச் செய்தது பேஸ்மேன் ஆம்ப். அதைக் கிட்டார்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-இல் தன் ஆட்களுடன் ஏறக்குறைய அதே சுற்றமைப்பில் ஓர் ஆம்ப் செய்தார். உலகம் தேடும் நாதத்தைக் கொடுத்த இருவருமே கிட்டார் கலைஞர்கள் அல்லர். டோன் தேடுபவர் இந்தத் தகவலை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

புதுச்சேரிக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாதிக் குடும்பம் பிரான்சில் இருக்கும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் சித்தப்பா பாரீசிலிருந்து சுமந்துவரும் ஆம்ப் இங்கே பேசாமல் வேலை செய்யும். அமெரிக்க மச்சான் ஆசையாகக் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பை நேரே சுவரில் சொருகியவரும் புது டோன் ஒன்றைக் கேட்பார். ஒருமுறைதான் கேட்பார்.

முன்னோடிகளின் வரலாறு இவருக்கு மனப்பாடம். எட்டி வான் ஹாலன் தன் மார்ஷலுக்குப் போகும் மின்னழுத்தத்தை வேரியாக் வைத்துக் குறைத்தார் என்பது தெரிந்ததும் இவரும் ஒரு வேரியாக் வாங்கினார். கோடை மாலைகளில் தானாகவே இறங்கும் மின்னழுத்தத்தை 230-இல் நிறுத்த ஏற்கெனவே ஒரு ஸ்டெபிலைசர் வீட்டில் உண்டு. ஒன்று ஏற்றும், அடுத்தது இறக்கும். தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964-இல் ஒரு மலிவான ஆம்பின் ஸ்பீக்கர் தாளைப் பிளேடால் கிழித்துப் புகழ்பெற்ற ஓசையைப் பெற்றார். ஸ்பீக்கரைக் கிழிக்க இவருக்கு மனம் வரவில்லை. கிழிந்த ஓசை தரும் பெடல் ஒன்றை, பிளேடு விலையில் அல்ல, ஸ்பீக்கர் விலையில் வாங்கினார். கேபிள், பேட்டரி, ஆம்புக்கு அடியில் வைக்கும் பலகை ஆகிய அத்தியாயங்களைத் தாண்டிவிடலாம். அவர் இன்னும் தாண்டவில்லை. கிழக்கே நாலு தெரு தள்ளிக் கடல் என்பதால் உப்புக்காற்று ஜாக்கையும் குமிழையும் அரிக்கும். அதனால் எழும் கரகரப்பைப் பழைய ஆம்புக்கே உரிய குணம் என்று சிலகாலம் ரசித்ததும் உண்டு.

தேடல் முடியாததற்குக் காரணம் காதிலேயே இருக்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சத்தம் குறையக் குறையக் கீழ்ச்சுரங்கள் காதுக்கு எட்டுவது மிகவும் குறைந்துவிடுகிறது. வீட்டில் மெல்லிய சத்தத்தில் அமைத்த டோன், மேடையில் ஏற்றியதும் குமுறுவது இதனால்தான். நெடுநேரம் கேட்டுச் சோர்ந்த காது மேல்சுரங்களுக்கு மந்தமாகும். கை தானாக டிரெபிளைக் கூட்டும். இரவு பதினொரு மணிக்குக் "கிடைச்சிடுச்சு!" என்று குமிழ்களைப் போனில் படமெடுத்து வைப்பார். காலையில் அதே படம், அதே குமிழ்; ஆனால் தகர டப்பாவில் ஆணி உருட்டிய சத்தம்.

"போன மாசம் வாங்கினதும் இதே சத்தம்தானேடா?" என்பார் அம்மா. எதிர்வீட்டுப் பெரியவர் இன்னும் மரியாதையாக, "தம்பி, டெஸ்டிங் முடிஞ்சா ஒரு பாட்டு வாசிங்க" என்பார். இருவர் சொல்வதும் ஒன்றே. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் செட் போடும் மைக் செட்காரர் டிரெபிளைக் கொஞ்சம் இறக்கி, "அவ்ளோதான்" என்று டீ குடிக்கப் போய்விடுகிறார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்தபோது, சபாவில் யாரும் ஆம்பின் பெயரைக் கேட்டுவிட்டு உட்காரவில்லை. ஆனால் இவர் கேட்டிருப்பார்.

ஆண்டுக்கு ஒருமுறை இவருக்கும் சோதனை வரும். பிரான்சில் 1982-இல் தொடங்கி, புதுச்சேரியிலும் ஜூன் 21-ஐ ஒட்டிக் கொண்டாடப்படும் ஃபெத் த லா மியூசிக் விழாவில் நண்பர்கள் இவரை மேடையேற்றுவார்கள். ஆம்பை இருவர் தூக்கி வருவார்கள். சவுண்ட்காரர் அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கிட்டார் ஒயரை நேரே மிக்சரில் சொருகுவார். கைதட்டல் வரும், அதுவும் பாடகருக்கு. மறுநாள் அந்த ஆம்ப் விற்பனைக்கு வரும்.

பழைய ஆம்ப் வாங்க நினைப்பவர்கள் இத்தகையவரிடம் தயங்காமல் வாங்கலாம். அட்டைப்பெட்டி, தெர்மக்கோல், பில் எல்லாம் பத்திரமாக இருக்கும். வால்யூம் குமிழ் ஒருநாளும் 2-ஐத் தாண்டியிருக்காது. விலையையும் குறைத்துத் தருவார், அடுத்ததற்கு முன்பணம் கட்டியிருப்பார்.