பெட்டைத் தேய்த்த பெருந்தகைக்கு வாழ்த்துமடல்

எம்.ரெட்டியபட்டித் தகரக் கொட்டகையில் கொலுவிருந்து, சின்னஞ்சிறு லேத் ஒன்றைக் கட்டி ஆளும் பட்டறைப் பேரரசே, தங்கள் புகழைப் பாட என் பேனாவுக்கு ஏது தகுதி? கடைவதற்கென்று பிறந்த இயந்திரத்தின் உளி பிடிக்கும் டூல் போஸ்டில் கை கிரைண்டரை நட்டு வைத்து முறுக்கி, சாணைக்கல் என்றும் அதற்குப் பட்டம் சூட்டிய வள்ளல் தாங்கள். மாற்றுக் குறைந்த மனிதர்கள்தாம் இந்த வேலைக்குத் தனி மெஷின் தேடி அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறுவார்கள்.

அதிலும் லேத்தின் அடித்தண்டவாளமான பெட்டை மூடாத தங்கள் பெருந்தன்மை இருக்கிறதே! இந்த வட்டாரத்தில் சீமைக்கருவேலங் கட்டையை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிற ஏழைகூட மேலே மண்ணைப் பூசி மூடித்தான் தீ வைக்கிறார். மூடுவது எளியோர் குணம் என்று விட்டுவிட்டீர்கள். அற்பர்கள் சிலர் பெட்டின் மேல் தகரமோ தடித்த காகிதமோ போட்டு, பொறி விழும் இடத்தில் தண்ணீர்த் தட்டு வைத்து, வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய் தொட்ட பனியன் வேஸ்டால் துடைத்துப் புது எண்ணெய் விடுவார்களாம். தங்களுக்கு அந்தச் சிறுமை எதற்கு? கம்ப்ரஸர் காற்றை ஒரு பிடி பிடிக்கிறீர்கள். வெளியே கிடந்த தூசியெல்லாம், பெட்டின் மேல் உளியைத் தாங்கி நகரும் சேடிலுக்கு அடியில் போய்ப் பத்திரமாகக் குடியேறுகிறது.

குடியேறுவது சாமானியத் தூசியா? கிரைண்டர் கல்லிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு கடினத்தன்மை அளவுகோலில் 9, வைரத்துக்கே 10தான். அந்த மணிகள் பெட்டில் இருக்கும் எண்ணெயோடு குழைந்தால் வால்வு தேய்க்கிற பேஸ்டேதான், கடையில் வாங்க வேண்டியதில்லை. வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு, சேடில் போகவர ஓயாமல் அறுத்துக்கொண்டே இருக்கும். சம்பளம் கேட்காத இத்தனை வேலையாட்களை எந்த முதலாளி வைத்திருக்கிறார்?

ஹென்றி மாட்ஸ்லே என்கிற இங்கிலாந்துக்காரர் 1800 வாக்கில், லேத்தின் ஸ்லைடு தட்டையாக இருக்க வேண்டும், ஸ்க்ரூ பிசகக் கூடாது என்று உயிரை விட்டார், பாவம். அந்தத் தட்டையின் சலிப்பைத் தாங்கள் தீர்த்துவிட்டீர்கள். வேலை அதிகம் நடக்கும், பொருளைப் பிடித்துச் சுற்றும் சக் ஓரத்தில் பெட்டுக்கு இப்போது ஒய்யாரமான பள்ளம். அங்கே ஆட்டம் போகச் சேடிலை இறுக்கினால், எதிர் முனையில் உள்ள டெயில் ஸ்டாக் பக்கம் வந்ததும் அது நகர மறுத்துத் தவம் இருக்கிறது. கடைகிற ஷாஃப்டோ சக் பக்கம் பருத்து, மறுபக்கம் இளைத்து, நளினமாக இறங்குகிறது. பம்பு செட்டு பேரிங் அதில் இறுகி உட்காராமல் தன் இஷ்டத்துக்குச் சுற்றுகிறது. மோட்டார் திரும்பத் திரும்பத் தங்களிடமே வருவதால், சம்சாரிகளுக்குத் தங்கள் தரிசனம் கிடைக்காத மாதமே இல்லை. கிணற்றில் தண்ணீர் கிடக்க, வயலில் பயிர் காய்ந்தால்தான் என்ன?

தங்கள் வீரத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். எமரிப் பேப்பரைச் சுற்றுகிற ஷாஃப்டின் மேல் பட்டும் படாமல் பிடிப்பது பயந்தவர் வழக்கம். தாங்கள் அதை விரலிலேயே சுற்றிக்கொள்கிறீர்கள். அது ஷாஃப்டில் சிக்கினால் விரலும் உடன் போகும் என்கிற உறவு நெருக்கம் யாருக்கு வாய்க்கும்? கழுத்துத் துண்டின் முனை சக்குக்கு ஒரு சாண் தூரத்தில் ஊஞ்சலாடுகிறது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும் கிரைண்டர் டிஸ்குக்குக் கவசம் எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்தாயிற்று. பாதுகாப்புக் கண்ணாடி கவர் பிரிக்காமல் ஆணியில் தொங்குகிறது. வாங்கிய பொருளை இத்தனை புதிதாகக் காப்பவர் ஜில்லாவில் இல்லை. டிஸ்குக்கு நேர் எதிரே, தங்கள் பத்து வயது மகனை வெறுங்கண்ணோடு நிறுத்தித் தொழில் கற்பிக்கிறீர்கள். அந்தப் புழுதியைத் தங்களோடு சரிபாதி அவனும் சுவாசிக்கிறான். பிள்ளைக்கு இப்படிப் பாகம் பிரித்துக் கொடுத்த தகப்பனை நான் கண்டதில்லை.

திருச்சுழி ரோட்டில் ஒரு இளைஞர் கடன் வாங்கிப் புது லேத் இறக்கியிருக்கிறார். பெட்டின் மேல் விரிக்கத் தகரம் வெட்டிக்கொண்டிருக்கிறாராம், அறியாப் பிள்ளை. தாங்கள் எழுந்தருளி, அந்தத் தகரத்தை வாங்கிக் கோழிக் கூண்டுக்குக் கொடுத்துவிட்டு, தங்கள் பொற்கரத்தாலேயே முதல் எமரியைப் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும்.