வண்டியைச் சுமந்த மனிதன்

நகர்த்த வேண்டியது மனிதரைத்தான், வண்டிகளை அல்ல என்றது 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. சென்னை ஐ.ஐ.டி.யில் நகர்ப்புறப் போக்குவரத்துக்கென்றே 2009-இல் ஓர் ஆய்வு மையமும் வந்துவிட்டது. நல்ல காரியம். ஆய்வாளர்கள் பேச்சில் 'மோட்டாரில்லாப் போக்குவரத்து', 'பகிர்வுப் பயணம்', 'கடைசி மைல் இணைப்பு' என்று அழகழகான சொற்கள். எங்கள் கோவில்பட்டியில் இவற்றுக்கு முறையே நடை, ஷேர் ஆட்டோ, "இங்கயே எறங்கிக்கிடுங்க அண்ணாச்சி" என்று பெயர்.

மோட்டாரில்லாப் போக்குவரத்தில் நாங்கள் ஒரு படி மேல். ஐப்பசி மழையில் காட்டுப்பாதைக்குள் சைக்கிளை விட்டுப் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கரிசல் அப்பிக்கொள்ளும், சக்கரம் சுற்றாது. குச்சியை ஒடித்துக் கிண்டினால் பத்தடி போகும், மறுபடி அப்பும். கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேருவோம். பெட்ரோல் இல்லை, புகை இல்லை. என்ன, கொள்கைதான் தலைகீழாகிவிடும்: இங்கே வண்டியை மனிதன் நகர்த்துகிறான்.

ஆங்கிலத்தில் 'சஸ்டைனபிள் டிரான்ஸ்போர்ட்' என்பதைச் சிலர் 'நிலையான போக்குவரத்து' என்று தமிழாக்குகிறார்கள். கருத்தரங்கில் என்ன பொருளோ, எட்டயபுரம் ரோட்டில் நெரிசலில் நிற்கும் டவுன் பஸ்ஸுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. 2021 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் பாட்டி ஒருத்தி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "துட்டுக் குடுத்திருந்தா எறங்கி நடந்திருப்பேன். ஓசில நிக்கிறதுனால சொகமாத்தான் இருக்கு."