கஞ்சியும் கஜானாவும்

கேள்வி: இலங்கையில் யுத்தம் 2009இல் முடிந்தும் பாதுகாப்புச் செலவு பெருத்தே நிற்கிறதே, சாமானியர் நாம் என்ன செய்ய இயலும்?
– வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: சத்துரு மறைந்த பின்னும் காவற்காரனுக்கே முதற்பந்தி இடும் வீட்டில், பிள்ளைகளின் பசி கடைசிப் பந்தியிலும் அடங்காதென்பது, அம்மணி, அர்த்தசாஸ்திரம் பயிலாத அடுக்களைக்கும் தெரியும். 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடியை எதிர்த்துக் கொழும்பு காலிமுகத்திடலில் கூடிய ஜனங்கள், கூடாரங்களில் நூலகமும் சமையற்கூடமும் அமைத்து, மே 18 அன்று, யுத்தத்தின் இறுதி நாட்களின் பசியை நினைவூட்டும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சிங்களவர், தமிழர் என்ற பேதமின்றிப் பகிர்ந்துண்டு, ஒரு தேசத்துக்கு எது அத்தியாவசியம் என்பதைப் பிரத்தியட்சமாகவே காட்டினர். கஜானா வறண்ட நிலையில், 2023 ஜனவரியில், இராணுவத்தை 2030ஆம் ஆண்டுக்குள் ஒரு லட்சம் பேராகக் குறைப்பதாகப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. வாக்குறுதிகளுக்கு ஞாபகமறதி அதிகம். ஆகவே வரவுசெலவுத் திட்டம் வருந்தோறும், வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விலை பேசும் அதே கறாரோடு கணக்குக் கேளுங்கள்.