நியூட்டன் மீட்டர் மாமா

ஜெலுத்தோங், சுங்கை பினாங்கு வட்டாரத்து ஒர்க்‌ஷாப்புகளில் இவரைத் தெரியாதவர் இல்லை. சட்டைப் பையில் நோட்டுப் புத்தகம், கக்கத்தில் நீளப் பெட்டி, பெட்டிக்குள் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பேரம் பேசி வாங்கிய டார்க் ரெஞ்ச்: போல்ட்டின் முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் அளந்து இறுக்கும் கருவி. தூரத்தில் அந்தப் பெட்டி தெரிந்தாலே, வேலை இருக்கிறதோ இல்லையோ, ஃபோர்மேன்கள் காடிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

மாமாவை இப்படி ஆக்கியது பாயான் லெப்பாஸ். 1972-இல் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் வந்த பிறகு பினாங்கில் பெருகிய தொழிற்சாலை டெக்னீசியன்களில் இவரும் ஒருவர். அந்த உலகில் திருப்புளிக்குக்கூட அளவு சரிபார்த்த ஸ்டிக்கர் உண்டு. தேதி கடந்த திருப்புளியைத் தொட்டால் சூப்பர்வைசர் தொலைத்துவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பழக்கம் ஓய்வு பெறவில்லை. மாமி ஊறுகாய்ப் போத்தலை இவர் கையில் கொடுப்பதே இல்லை.

இப்போதைய ஆராய்ச்சி, தன் பழைய புரோட்டோன் சாகாவின் லோவர் ஆர்ம் போல்ட். எவ்வளவு இறுக்க வேண்டும்? சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகளைக் குடைந்தார். சாகா புத்தகம் கிடைக்கவில்லை என்றதும், மாப்பிள்ளை வீட்டார் போலக் குலம் கோத்திரம் விசாரிக்கத் தொடங்கினார். 1985-இல் பிறந்த சாகாவுக்கு மூலம் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. ஆகவே ஜப்பான் புத்தகம். அதில் அளவு கிலோகிராம் மீட்டரில் இருந்தது, 9.8-ஆல் பெருக்கினார். இன்னொரு புத்தகத்தில் அடி-பவுண்டு, 1.356-ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒத்துப்போகவில்லை. அன்று இரவு மாமா சாப்பிடவில்லை.

ஒருவழியாக ஓர் எண்ணை முடிவு செய்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். காடி ஜேக்கில் நின்றது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, ஃபோர்மேன் லோவர் ஆர்மின் புது ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை இறுக்கப் போனான்.

"நிறுத்து தம்பி! கால் தொங்கும்போது இறுக்கினா, காடியை இறக்குறப்போ ரப்பர் முறுக்கிக்கும். சீக்கிரம் கிழிஞ்சிடும். பாரம் சக்கரத்துல உட்காரட்டும், அப்புறம் இறுக்கு."

ஃபோர்மேன் தலையைச் சொறிந்தான். மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காடியை இறக்கி, ஏர் கன்னை வைத்து ஒரே 'டர்ர்ர்'.

"எத்தனை நியூட்டன் மீட்டர்?"

"போதுமான அளவுலா, அங்கிள். கைக்குத் தெரியும். வேணும்னா உங்க ரெஞ்சை வச்சுப் பாருங்க."

மாமா பெட்டியைத் திறந்தார். அளவைத் திருகி வைத்தார். போல்ட் அசையவே இல்லை; ரெஞ்ச் மட்டும் 'க்ளிக்' என்றது.

"பாத்தீங்களா? சரியா இருக்கு!"

"தம்பி, குறையலேன்னுதான் இந்தச் சத்தத்துக்கு அர்த்தம். ரெண்டு மடங்கு இறுகியிருந்தாலும் இதே க்ளிக்தான் வரும். எல்லாத்தையும் தளர்த்து. முதல்ல இருந்து இறுக்குவோம். திருகுல எண்ணெய் இருந்தா துடைச்சிடு. போடுற பலத்துல பெரும்பங்கு உராய்வுக்கே போகுது. எண்ணெய் பட்டா உராய்வு குறைஞ்சு, அதே அளவுல போல்ட் கூடுதலா இழுபடும்."

தளர்த்தினார்கள், துடைத்தார்கள், இறுக்கினார்கள். ஒவ்வொரு க்ளிக்குக்கும் நோட்டில் ஒரு டிக். வேலை முடிந்ததும் ரெஞ்சின் அளவை அடிமட்டத்துக்கு இறக்கி, ஸ்பிரிங்குக்கும் ஓய்வு கொடுத்துப் பெட்டியில் படுக்க வைத்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

"சரி தம்பி, கூலி எவ்வளவு?"

ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே, மரியாதையாகத்தான் சொன்னான்: "நம்ம அங்கிள்தானே, பாத்துக் கொடுங்க."

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தை மறுபடியும் எடுத்தார்.

"பாத்துன்னா... குறைஞ்சபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, தம்பி?"