உறைகதவு இயல்: ஒரு பாயிரம்

காரின் கதவு ஏன் திறக்க மறுக்கிறது என்ற வினா டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் டிசம்பர் முதல் மார்ச் வரை, விடிகாலைகளில், மிகுந்த உணர்ச்சியோடு எழுப்பப்படுகிறது. எழுப்புவோர் வேலைக்குப் பிந்தியவர்கள் ஆதலால் விடைக்குக் காத்திருப்பதில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு.

முதற்கண் குளிர்மீது விழுந்த பழியைத் துடைக்க வேண்டும். குளிர் தனியாகக் கதவை ஒட்டாது. அதற்கு நீர் வேண்டும். சைபீரியாவின் யாகுட்ஸ்கில் ஜனவரியில் மைனஸ் 40 சர்வசாதாரணம்; ஆனால் பனி உருகி நீராகப் பகலிலும் வழியில்லை. பகலில் பூச்சியத்துக்குச் சற்று மேலே ஏறி இரவில் கீழே சறுக்கும் டொராண்டோ வானிலைதான் கதவுக்கு எமன். பகலில் உருகியது கதவோரத்து ரப்பர் பட்டையில் தங்கி, இரவில் இறுகிவிடுகிறது. 2013 டிசம்பரில் உறைமழை பெய்தபோது ரப்பரை ஆராய அவசியமே எழவில்லை; கார்கள் முழுவதுமே பனிக்கூட்டுக்குள் இருந்தன.

உறைந்த கதவின்முன் நிற்போரில் இழுப்பு மரபினர் தொன்மையானவர்கள். கைப்பிடி கையோடு வருவதே இவர்கள் அடையும் முக்தி. வெந்நீர் மரபினர் கருணை மிக்கவர்கள். ஆனால் கொதிநீர் பட்டால் உறைந்த கண்ணாடி விரிசல் விடலாம். விடாவிட்டாலும், ஊற்றிய நீரே உறைந்து கதவை முன்னிலும் இறுக்கும். எப்படியோ உள்ளே புகுந்து, உறைந்த ஜன்னலின் பொத்தானை விடாமல் அழுத்துகிறவரோ எம்மரபினரும் அல்லர், மெக்கானிக்கின் புரவலர்.

சித்தாந்தம் இது: இழுக்குமுன் தள்ளுக. கதவோரத்தை உள்ளங்கையால் உள்நோக்கி அமுக்கினால் பனி நொறுங்கிப் பிடி தளரும். மெய்யான மருத்துவமோ முந்தின மாலைக்கு உரியது. கார் கழுவியதும் ரப்பர் பட்டையை ஈரம் போகத் துடைத்து, சிலிக்கோன் பூச வேண்டும். பிறகு நீர் அங்கே தங்காது. வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் நாளடைவில் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். நல்லெண்ணெய் ஆகாதா என்பாருக்கு: அது பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும், தவிர, அது சனிக்கிழமைத் தலைகளுக்கு உரியது.

இத்தனை எளிய மருந்தை எவரும் செய்யாததற்குக் காரணம் உண்டு. மாலையில் கதவு சிரித்தபடி திறப்பதால் பூசத் தோன்றாது. காலையில் தோன்றும்போது, பூச வேண்டிய இடம் மூடிய கதவுக்குள் இருக்கும்.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: பூட்டுப் பனியை உருக்கும் தெளிப்பானைத் தயவுசெய்து காருக்குள் வைக்காதீர்கள். கோட்டுப் பையில் வையுங்கள்.