பையியல்: வாடிப்பட்டி வட்டாரக் கேமராப் பைகள் பற்றிய முதற்கட்ட ஆய்வு

பை என்பது வாயும் வயிறும் உடையது, காலில்லாதது, ஆதலால் பிறர் தோளை நம்பிப் பிழைப்பது. இந்த இனத்துள் கேமராப் பை மட்டும் தனிப்பிரிவு. வயிற்றுக்குள் இருப்பது இன்ன விலை என்பதை முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறது. லட்ச ரூபாய் நகையை எடுத்துப் போகிறவர்கூடப் பழைய துணிப்பையில் சுருட்டி, மேலே இரண்டு கத்தரிக்காயை வைத்துக்கொண்டுதான் பேருந்தில் ஏறுகிறார். கேமராக்காரர் மட்டும் கம்பெனிப் பெயரை வெள்ளை நூலில் கொட்டை எழுத்தில் தைத்த பையை மாட்டிக்கொண்டு, உள்ளே ஒன்றுமே இல்லை என்ற முகத்தோடு நிற்கிறார். இந்த முரண்பாட்டை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

கருதுகோள் இது: பயணத்தில் கேமராவைக் காப்பது பைக்குள் இருக்கும் மெத்தை அன்று, பையைப் பார்ப்பவருக்கு ஏற்படும் அலட்சியமே.

ஆய்வு எல்லை

சிறுமலைக்குத் தெற்கு, சோழவந்தானை ஒட்டி ஓடும் வைகைக்கு வடக்கு, அலங்காநல்லூருக்கு மேற்கு, கொடை ரோட்டுக்குக் கிழக்கு. பத்திர முறைப்படி இந்தச் செக்குபந்திக்கு உட்பட்டதே களம். சித்திரை மாதத்தில் மட்டும் எல்லை மதுரை வரை நீளும். சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகரே மலையை விட்டு இறங்கி வரும்போது ஆய்வாளன் எல்லைக்கல்லைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

ஏன் வாடிப்பட்டி எனின், மேளத்தால் என்க. வாடிப்பட்டி மேளம் போகிற இடத்துக்கெல்லாம் கேமராவும் போகிறது. கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, பூப்புனித நீராட்டு என்று அடி விழுகிற இடத்தில் ஃப்ளாஷும் விழும். ஆகவே கேமராப் பையை அதன் இயற்கையான வாழிடத்தில் கவனிக்க இதைவிடத் தோதான ஊர் இல்லை.

முன்னோர் செய்தது

மதுரைக்கு வந்த முதல் பெரிய கேமராப் பைக்குச் சக்கரம் இருந்தது. மாடும் இருந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையைப் படம் எடுத்தபோது, அவருடைய தட்டுமுட்டுச் சாமான்கள் மாட்டுவண்டிகளில் வந்தன. அவரது பெரிய நெகட்டிவ்கள் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம், பெரும்பாலும் மெழுகூட்டிய காகிதம். கண்ணாடித் தட்டைக் கட்டிக்கொண்டு அழாமல், முன்கூட்டியே தயார்செய்து எடுத்துப்போகக்கூடிய காகிதத்தை அவர் தேர்ந்தெடுத்ததுதான் இந்த வட்டாரத்தின் முதல் ‘லக்கேஜ்’ சிக்கனம். மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் எடுத்தவர் விளக்குத்தூணையும் விடவில்லை. கடைசியில் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அரசு அந்த வேலையையே நிறுத்திவிட்டது. பைக்கென்று தனி பட்ஜெட் போடும் இளைஞர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்கலாம்.

மேலைநாட்டு மரபிலிருந்து இரண்டு சான்றுகள் போதும். இங்கிலாந்தில் 1973-இல் தொடங்கிய பில்லிங்காம் கம்பெனி முதலில் தைத்தது தூண்டில்காரர்களுக்கான மீன் பை. படக்காரர்கள் அதை வாங்கிக் கேமரா போட்டுக்கொண்டு திரிவது தெரிந்த பிறகே அது கேமராப் பைக் கம்பெனி ஆனது. அதே பத்தாண்டில் அமெரிக்காவில் ஜிம் டோம்கே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், விறைப்பான பெட்டிகளோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய், தொளதொளவென்ற கேன்வாஸ் பை ஒன்றை வடிவமைத்தார். இன்று அதற்குப் பக்தர் கூட்டமே உண்டு. இரண்டிலிருந்தும் பெறப்படுவது என்னவெனின், நல்ல கேமராப் பை எதுவும் கேமராப் பை மாதிரி இருந்ததில்லை என்பதே.

பகைவர்

பைக்கு இந்த வட்டாரத்தில் இருக்கும் பகைவர்களில் மூத்தது இன்னொரு பை. அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் தோளில் தொங்கும் தோப்பறையைச் சொல்கிறோம். ஆட்டுத்தோலில் செய்தது, ஒரு முனையில் சிறு குழாய். இடுக்கி அழுத்தினால் சன்னமாக நீண்டு பாயும். ஒரு பை தண்ணீரை வெளியே விடுவதற்கென்றே பிறந்தது. இன்னொன்று உள்ளே விடாமல் இருப்பதற்கென்றே விற்கப்பட்டது. இரண்டும் வைகைக்குள் நேருக்கு நேர் நிற்கும்போது எப்போதும் வெல்வது ஆட்டுத்தோல்தான். கம்பெனிப் பையின் துணியில் நீர் இறங்காது. ஆனால் தையல் ஓட்டையிலும் ஜிப்பின் பல்லிடுக்கிலும் இறங்கும். கூடக் கொடுக்கிற மழையுறை, பெயருக்கேற்ப மேலிருந்து பெய்யும் மழைக்கானது. பக்தியோ நாலாபுறமும் இருந்து வரும். உயர் அழுத்த மோட்டார் வைத்துப் பீய்ச்சக்கூடாது என்று தடை வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. ஆனாலும் தோப்பறைக்காரரிடம் போய் “அண்ணே, கேமரா இருக்கு” என்று சொல்லக்கூடாது. சொன்னால், அழகர் அருள் அதற்கும் கிடைக்கட்டும் என்று இன்னும் ஒரு பீய்ச்சு.

அடுத்தது தூசி. மாட்டுப்பொங்கலன்று பாலமேட்டிலும் மறுநாள் அலங்காநல்லூரிலும் மாடுபிடி வீரர்கள் விழுந்தால் அடிபடாமல் இருக்க, வாடிவாசல் முன்னே தென்னைநார்க் கழிவைப் பரப்புகிறார்கள். மனிதனுக்கு மெத்தை, லென்ஸுக்கு எமன். பொடிப்பொடியான அந்த நார்த்தூள், காளை ஒரு சுற்றுச் சுற்றியதும் ஆளுயரம் எழும்பி, திறந்திருக்கும் பையைத் தேடி வந்து படியும். ஜிப் வைத்த பையைவிட மேல்மூடி வைத்த பை இங்கே மோசம், மூடியைப் பூட்டுகிற பொறுமை யாருக்கும் இல்லாததால். 2024-இல் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்று பெரிய அரங்கமே கட்டித் திறந்தாயிற்று. தூசிக்கு மட்டும் தனி மாடம் ஒதுக்கவில்லை.

மூன்றாவது ஈரம். இதுதான் சத்தமில்லாமல் கொல்வது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெற்றிலைக்கட்டின் நுட்பமே ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதுதான். நனைத்த சாக்குச் சுற்றிய வெற்றிலைக்கட்டும் கேமராப் பையும் பேருந்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பயணம் செய்தால் யாருடைய குணம் யாருக்குத் தொற்றும் என்பது தெரிந்ததே. காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல் நின்றால், இருட்டும் சேர்ந்தால், லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலையாகப் படரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பையை அப்படியே மூடி பீரோவில் வைத்தவர்கள் தை மாதம் திறந்து பார்த்து வாயடைத்துப் போவார்கள். இதற்கு வட்டார வைத்தியம் அரிசி முடிச்சு. அரிசி கொஞ்சமாய் ஈரம் இழுக்கும், உண்மை. அதைவிட வேகமாக வண்டு வைக்கும், தவிடும் உதிரும். சிலிக்கா ஜெல்லே மேல். ஆரஞ்சு மணி ஈரம் குடித்தால் பச்சையாகும். சூடுகாட்டினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீல மணியில் கோபால்ட் உப்பு இருப்பதால் அதைத் தோசைக்கல்லில் வறுக்க வேண்டாம் என்று வீட்டம்மா சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.

வெயிலைச் சேர்க்கவில்லையே என்று தேர்வாளர்கள் கேட்கலாம். சேர்த்தால் கட்டுரை முடியாது. பையின் உட்பூச்சு சில வருடத்தில் பிசுபிசுத்து உரிவதற்கும், ஸ்பாஞ்சு பொடியாக உதிர்வதற்கும் சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் பாதிப்பாதி பொறுப்பு என்பதோடு நகர்கிறோம்.

பேருந்தும் மடியும்

முழுச்சட்டக் கேமரா ஒன்று, 24-70, 70-200 லென்ஸ்கள், ஒரு ஃப்ளாஷ், பேட்டரிகள்: மூன்று, மூன்றரைக் கிலோ வரும். நல்ல முதுகுப் பை தன் பங்குக்கு ஒன்றரை, இரண்டு கிலோ சேர்க்கும். இதை மாட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டிப் பேருந்தில் ஏறி நிற்பவரை ஊர் நிற்கவிடாது.

“குடு தம்பி, எம்மடியில வச்சுக்கிறேன்.”

கொடுத்தால், “என்னய்யா, அம்மிக்கல்லையா தூக்கிட்டுப் போற?” என்று கேட்டபடி இருக்கையில் இருக்கும் ஆத்தா அதை வாங்கி மடியில் கிடத்துவார். அதன்மேல் தன் தூக்குவாளியை வைப்பார். தூக்குவாளியின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். சமயநல்லூர் தாண்டிப் பேருந்து ஒரு வேகத்தடையில் குதிக்கும்போது இருக்கை, ஆத்தா, பை என்று அதிர்ச்சி படிப்படியாகக் குறைந்து, தூக்குவாளிச் சாம்பார்கூட அலுங்காது. எந்தக் கம்பெனி ஸ்பாஞ்சும் இந்த மடிக்கு ஈடில்லை. அட்டவணையில் போட முடியாத ஒரே பாதுகாப்புச் சாதனம் என்பதால் மட்டுமே இது எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. குறை ஒன்று உண்டு. “உள்ள என்ன?” என்று ஆத்தா கேட்பார். பதில் சொன்னால், “எம்பேத்திக்குக் காதுகுத்து வருது, எவ்வளவு வாங்குவ?” என்று பேரம் தொடங்கிவிடும்.

விமானம் என்றால் நிலைமை வேறு. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ. தண்ணீர் புகாத, மேலே ஏறி நின்றாலும் நசுங்காத பெலிக்கன் பெட்டியில் விமானத்துக்கென்றே அளவெடுத்த ஒரு மாதிரியின் எடை மட்டும் சுமார் 6 கிலோ. மிச்சம் உள்ள ஒரு கிலோவில் கேமரா போகும், லென்ஸ் போகாது. அல்லது லென்ஸ் போகும், கேமரா போகாது. உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்கில் போடவும் விடமாட்டார்கள். பெட்டி பத்திரமாகப் போய்ச்சேரும்.

தீர்வும் எதிர்வாதமும்

கருதுகோளின்படி பார்த்தால் விடை கட்டைப் பைதான். ஜவுளிக்கடையில் கல்யாணப் பட்டு எடுத்தால் கொடுக்கிற, இரண்டு காது வைத்த, சட்டமாக நிற்கிற அந்தப் பை. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு அதை வைத்துக்கொண்டு தூங்கலாம். வேட்டி துண்டைத் திருடிப் பிழைக்கிற கள்வன் இப்போது அருகிவிட்டான். உள்ளே ஒரு மெத்தைக் கூடு மட்டும் தைத்துப் போட்டால் போதும். தைப்பதற்கு, புது மண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவே தையல்மெஷின் போட்டிருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட தையல்காரர்கள் இருக்கிறார்கள். கள்ளழகர் வேஷத்துக்கே அளவு எடுப்பவர்களுக்கு 70-200 ஒரு பொருட்டல்ல.

“டிபன் கேரியருக்காண்ணே?”

“கேமராவுக்கு.”

“அப்ப அரை இஞ்சு ஸ்பாஞ்சு பத்தாது. தண்ணி குடிக்காத வெள்ளை ஷீட்டு வாங்கிட்டு வந்துருங்க, வெளிய ரெக்சின் அடிச்சுத் தரேன். ரன்னர் அஞ்சா, எட்டா?”

இந்த ‘ரன்னர் அஞ்சா, எட்டா’ என்ற வினாவில் உலகக் கேமராப் பைத் தொழிலின் மொத்த ரகசியமும் அடக்கம். பை கிழிந்து யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஜிப் ரன்னர் வாயைப் பிளந்தே பைகள் சாகின்றன. பெரிய அளவான எட்டையே சொல்லிவிடுவது உத்தமம்.

இனி எதிர்வாதம். கல்யாண மண்டபத்துக்குக் கட்டைப் பையோடு போன படக்காரரை வாசலில் நிறுத்தி, “சமையலுக்கா? பின்பக்கமாப் போங்க” என்றார்கள் என்பது கள ஆய்வில் கிடைத்த செய்தி. கேமராப் பை, காவல்காரருக்குத் தொப்பி போல, தொழிலின் அடையாளம். அது தோளில் தொங்கினால்தான் மாப்பிள்ளையின் சித்தப்பா “வாங்க தம்பி, காபி சாப்பிட்டீங்களா?” என்பார்; மேளக்காரர் அடியை நிறுத்தி வழிவிடுவார்; முன்பணம் பேசிய தொகையிலேயே வரும். மறைத்தால் மரியாதை போகிறது, காட்டினால் பொருள் போகிறது. இந்த இடத்தில் நம் கருதுகோள் நொண்டுகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

எல்லாப் பையும் ஒன்றே என்கிற சமநிலை ஓரிடத்தில் மட்டும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018-இல் கைப்பேசிக்கே தடை வந்துவிட்டது. வாசல் பாதுகாப்பகத்தில் அமெரிக்கப் பையும் மஞ்சப்பையும் ஒரே பலகையில் தோளோடு தோள் சாய்ந்து, ஆளுக்கொரு டோக்கனோடு காத்திருக்கின்றன. மஞ்சப்பை என்றதும் நினைவுக்கு வருகிறது: ஒருகாலத்தில் பட்டிக்காட்டானுக்கு அடையாளமாக இருந்து கேலிக்கு ஆளானதை, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே கையில் எடுத்து மானம் காத்தது. பைக்கு மரியாதையை அரசாணையால் ஏற்ற முடியும் என்பதற்கு இதுவே முன்மாதிரி. கட்டைப் பையோடு வரும் படக்காரரைப் பந்தியின் முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று ஓர் ஆணை வந்தால் மேற்படி சிக்கல் தீரும். மனு தயாராகிறது.

அகழாய்வு

வைகையோரக் கீழடியில் 2015 முதல் குழி தோண்டி அடுக்கடுக்காகக் காலம் கணிக்கிறார்கள். அதே முறையில், பல முகூர்த்த மாதங்களைக் கண்ட ஒரு வாடிப்பட்டிப் படக்காரரின் பையை, அவர் சம்மதத்தோடு திண்ணையில் வைத்துத் திறந்தோம். மேலடுக்கில் மெமரி கார்டு டப்பா, லென்ஸ் துடைக்கும் துணி, பாதி தின்ற கடலைமிட்டாய். அடுத்த அடுக்கில் கொட்டைப்பாக்கு, குங்குமப் பொட்டலம், சிதறிய அரிசி. இந்த அரிசி பூஞ்சைக்காக வைத்ததா என்று சர்ச்சை எழுந்தது. மஞ்சள் பூசியிருந்ததால் அட்சதையே என்று முடிவாயிற்று. அதற்கும் கீழே ஃபிலிம் சுருள் டப்பாவின் சாம்பல் நிற மூடி, மினிடிவி (MiniDV) வீடியோ கேசட் ஒன்று, கசிந்து காய்ந்த பென்சில் செல்கள், பை வாங்கியபோது வந்த சிலிக்கா ஜெல் பொட்டலம், பிரிக்காமல்.

அடிநிலத்தில் தடித்த அட்டை ஒன்று தட்டுப்பட்டது. பழைய கல்யாணப் பத்திரிகை, நாலாக மடித்தது. மணமக்கள் பெயரில் பாதி மட்டும் தெரிந்தது. காலம் கணிக்க அதை உருவப் போனபோது படக்காரர் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டார்.

“அண்ணே, அதை மட்டும் தொடாதீங்க. அதை எடுத்தா பை உக்காந்துரும்.”

பணி அத்தோடு நிறுத்தப்பட்டது. இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். ஆவணி முகூர்த்தமெல்லாம் முடியட்டும் என்கிறார்.