ரேடார் அண்ணன்

டிசம்பர் பிறந்துவிட்டால் ரேடார் அண்ணனிடம் நலம் விசாரிக்க முடியாது. "நல்லா இருக்கீங்களா?" என்றால், "கிழக்குக் காத்து கொஞ்சம் பலமா இருக்கு" என்பார். "சாப்பிட்டாச்சா?" என்றால், "அந்தமான் பக்கம் ஒரு சுழற்சி. வியாழக்கிழமைதான் தெரியும்" என்பார். அந்தப் பெயரை வைத்தது எங்கள் வாட்ஸ்அப் குழு. சொந்தப் பெயர் இப்போது ரேஷன் கார்டில் மட்டும்தான் புழங்குகிறது.

பிழைப்புக்குக் கணக்குத் தணிக்கை. மற்றபடி அவர் வாழ்வது, மலையில் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்குவதற்காக. இந்த ஜாதி இப்போது தெருவுக்கு ஒருவர் என்று பெருகிவிட்டது. கார் டிக்கியில் சுருட்டி வைத்த கூடாரம், கழுத்தில் தலைவிளக்கு, கைப்பேசியில் வரிசையாக வானிலைச் செயலிகள். வானம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் கைப்பேசியை எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் கிடையாது.

தமிழ்நாட்டில் கூடாரம் அடிக்க ஏற்ற மாதம் எது என்று மட்டும் அண்ணனிடம் கேட்டுவிடாதீர்கள். எக்செல் தாளைத் திறந்துவிடுவார். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அக்டோபர் பாதிக்குமேல் வடகிழக்கு வந்து டிசம்பர் வரை சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக் காலம் என்று வனத்துறை மலையேற்றப் பாதைகளைச் சாத்திவிடும். ஏப்ரல், மே மாதங்களில் காலையில் கொளுத்துகிற வெயிலே சூடான காற்றை மேலே கிளப்பி, சாயங்காலம் இடியோடு கொண்டுவந்து கொட்டும். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஜனவரி. அதில் பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும். பொங்கல் முடிந்தால் தை மாத முகூர்த்தங்கள். ஆக, வருடத்தில் போகலாம் என்று பச்சை வண்ணம் அடித்த கட்டம் அந்தத் தாளில் ஒன்றே ஒன்று இருந்தது. அன்றைக்கு அண்ணனின் மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

இவ்வளவு கணக்குப் போடும் மனிதர் கடைசியில் எந்தத் தேதியைப் பிடிப்பார்? டிசம்பர் 13, 14. ஜெமினிட் எரிகற்கள் உச்சத்தில் பொழியும் ராத்திரி. நல்ல இருட்டும் தெளிந்த வானமும் அமைந்தால் மணிக்கு நூறுக்குமேல் விழும் என்பது உண்மைதான். இடமும் சரியான இடம்தான், ஜவ்வாது மலை. அங்கே காவலூரில்தான் வைணு பாப்பு பெயரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை மேகம் திரண்டுவிட்டால் அந்த விஞ்ஞானிகளே கூரையை மூடிவைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். இதை அண்ணனிடம் எடுத்துச் சொன்னோம். "அவங்க தொலைநோக்கியை நம்பறாங்க. நான் ஆப்பை நம்பறேன்" என்றார்.

அந்த நம்பிக்கை இயங்கும் விதம் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. ஐரோப்பாவின் வானிலைக் கணிப்பு மாதிரி மழை என்று சொன்னால் அமெரிக்க மாதிரியைத் திறப்பார். அதுவும் மழை என்றால் ஜெர்மன்காரனைக் கேட்பார். மூன்றும் கூட்டாக மழை என்று சொன்னால், "இதெல்லாம் காலையில ஓட்டினது. ராத்திரி புதுசா வரும், பார்க்கலாம்" என்பார். பெண்ணைப் பிடித்துப்போன வீட்டார் பொருத்தம் இருக்கிறது என்று சொல்கிற ஜோசியர் கிடைக்கும்வரை ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவார்களே, அதே அலைச்சல். உலக அளவு மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய மாதிரிக்கு ஒரு கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். ஒரு குன்று, அதன் பள்ளத்தாக்கு, எதிர்க்குன்று எல்லாம் அதற்கு ஒரே புள்ளி. இது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். மழை என்று வந்தால் மட்டும் இந்தக் குறையை எடுத்துச் சொல்வார். மழை இல்லை என்று வந்தால் துல்லியம் என்பார்.

மழைக்கு 40 சதவீத வாய்ப்பு என்று வந்தால், "நமக்கு அறுபது! ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று குழுவில் குரல்பதிவு போடுவார். வானிலை ஆய்வு மையம் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை" என்று அறிவித்தால் அவருக்குக் கொண்டாட்டம். ஓரிரு இடங்கள் என்றால் மழைமானி வைத்திருக்கும் நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாமல் மழை பதிவாகும் என்பது கணக்கு. "அந்தக் கால்பங்குல நாம ஏன் இருக்கணும்?" என்பார். இருப்போம்.

கணிப்பு தப்பிப்போனாலும் அவரை மடக்க முடியாது. ஊத்தங்கரையை எடுத்துவிடுவார். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எல்லோர் கண்ணும் கடற்கரையில் இருந்தபோது, கடலுக்கு அத்தனை தொலைவில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. "அதை யாருங்க எதிர்பார்த்தாங்க?" என்பார். பதில் சொல்ல முடியாது. அவருடைய கட்சியில் உள்ள ஒரே பலமான சாட்சி அது.

அவரது கூடாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பையில் 3000 மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறது. "தமிழ்நாட்டுல வருஷம் முழுக்கப் பெய்யற மழை ஆயிரம் மில்லிமீட்டர்கூட வராது. இது மூணு வருஷ மழையை அப்படியே தாங்கும்" என்பது அண்ணனின் வாதம். அந்த எண் மழை அளவே அல்ல. துணியின் மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் அந்த அழுத்தத்தில் கசியாது என்று அர்த்தம். துணி கசிவதில்லைதான். தையல் கசியும், ஜிப் கசியும், தரையிலிருந்து ஈரம் ஏறும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் உள்ளே படுத்திருப்பவர்கள் விடும் மூச்சே உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு விடியற்காலையில் நெற்றியில் சொட்டும். தணிக்கைக்காரர் இவ்வளவு பெரிய எண்ணுக்கு விளக்கம் கேட்காமல் கையெழுத்துப் போட்டது ஆச்சரியம்தான்.

போனோம். வாணியம்பாடி தாண்டி ஆலங்காயம் வரை ரேடாரில் சுத்தமாக ஒன்றுமில்லை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டார். மலை ஏறியதும் சிக்னல் போய்விட்டது. சாமை வயலை ஒட்டிய தனியார் நிலத்தில் இடம். மண்ணில் ஒரு சாணுக்குக் கீழே பாறை. முளைக்குச்சி இறங்கவில்லை, வளைந்தது. கல்லை வைத்துக் கயிற்றைக் கட்டினோம். மேல்விரிப்பு எங்கே என்று கேட்டபோதுதான் அண்ணன் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த சேதி வெளிவந்தது. "கூரை வலைதானே? படுத்துக்கிட்டே எரிகல் பார்க்கலாம். அதான் மழை இல்லையே."

ஒன்பது மணி சுமாருக்கு முதல் சொட்டு. "பனி" என்றார். பத்து மணிக்கு வலை வழியாகத் தாராளமாக இறங்கியது. "மழை இல்லப்பா, மேகம் கீழ இறங்கியிருக்கு" என்றார். மழை முகத்தில் வழிய, கைப்பேசியைச் சட்டைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு அந்த ஆலங்காயம் ஸ்கிரீன்ஷாட்டை எங்களுக்குக் காட்டினார். அதில் மழை இல்லை என்பதை மறுக்க முடியாது. பிறகு கூட்டத்தில் ரெயின்கோட் கொண்டுவந்திருந்த ஒரே ஆளின் முதுகிலிருந்து அதை உரித்து, கூடாரத்தின் உச்சியில் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்தார். ரெயின்கோட்டுக்கு உரியவர் காரில் போய்த் தூங்கினார். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தோம்.

வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் பயணம் எப்படி இருந்தது என்று என்ன சொன்னாரோ தெரியாது. அண்ணி எங்களுக்குப் போன் செய்து கேட்டது ஒன்றுதான்: "ஏங்க, அந்த மேல்விரிப்புல மொட்டை மாடியில வத்தல் காயப் போட்டிருக்கேன், இனிமே வேணுமா அவருக்கு?"

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் வேறு யாரும் ஒரு தேதி குறித்து, வண்டி பேசி, ஆளைத் திரட்டி மலைக்குக் கூட்டிப்போக மாட்டோம். வானிலையைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் ஒவ்வொரு தடவையும் மழை வரும் என்று சரியாகச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறார். அவரோடு நாங்கள் எங்கேயும் போனதில்லை.

எனவே உங்கள் ஊர் ரேடார் அண்ணன் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். ரெயின்கோட் மட்டும் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கூடாரத்துக்கு.